எள்ளுருண்டை முகங்கள்

எங்கள் ஊரில் ஒரு மனிதன் கருப்பாக இருக்க இரண்டு இடங்களில் மட்டும் அனுமதி இல்லை. ஒன்று, வரன் தேடும் விளம்பரம். இன்னொன்று, ஃப்ளெக்ஸ் பேனர். விளம்பரத்தில் அனுமதி மறுப்பவர்கள் சொந்தக்காரர்கள். பேனரில் மறுத்தது எங்கள் மெஷின்.

அருப்புக்கோட்டையில் ஜெயக்கொடி டிஜிட்டல்ஸ் என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பிறந்தவர், பெரியவளானவர், ஜெயித்தவர், இறந்தவர் எல்லோரும் ஒருமுறை எங்கள் கடை வழியாகத்தான் போக வேண்டும். நான் அங்கே டிசைனர். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன் என்று என் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் கலைக்கவில்லை.

மக்கும் ஃப்ளெக்ஸ் கட்டாயமான பிறகு நடந்த கதை இது. நல்ல மழை பெய்தால் தலைவர் இடுப்புவரை மக்கிவிடுவார். தொண்டர்கள் வந்து மறுபடி அச்சடிப்பார்கள். தொழில் நன்றாக நடந்தது. அந்தத் தெம்பில்தான் ஜெயக்கொடி அண்ணன் தானாகவே கற்றுக்கொள்ளும் புது மெஷினை இறக்கினார். பத்தடி அகலம். பச்சை, மஞ்சள், ரோஸ் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன. பழுப்பு கருப்பாக மாறும் இடத்தில் மட்டும் யாரோ மணல் அள்ளித் தூவியது போல் புள்ளி புள்ளியாக விழுந்தது. எங்கள் ஊரில் பழுப்பு கருப்பாக மாறும் இடம் என்பது பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான்.

ஒரு காதணி விழாக்காரர் சுருட்டிய பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங்க தாய்மாமன் மூணு பேரு. மூணு பேரும் எள்ளுருண்டை மாதிரி இருக்காய்ங்க. யாரு மூத்தவருன்னே தெரியல. மண்டபத்துல வெட்டுக்குத்து ஆயிரும்ப்பா."

"ரெண்டு பாயிண்ட் ஏத்திக் குடுடா வினோபா" என்றார் ஜெயக்கொடி அண்ணன்.

இதுதான் எங்கள் கடையின் பாரம்பரிய வைத்தியம். ஆளை வெளுப்பாக்கினால் புள்ளி போய்விடும். ஆளும் போய்விடுவார். பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சிலர் நன்றிகூடச் சொல்வார்கள். காதணிக்காரர் அந்த ரகம் இல்லை. புதிய பேனரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்ப யாருக்கும் சண்டை வராது. மூணு பேருமே எங்க ஆளுக இல்ல" என்றார்.

அதன் பிறகுதான் மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தோம். பிரிசில்லா மேடம். கையில் ஒரு பெட்டி, முகத்தில் எதையும் நம்பாத ஒரு பார்வை. அவர் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டே பாடம் நடத்தினார்.

"இருட்டு கலர்ங்கிறது ஒரு மை இல்ல தம்பி. எல்லா மையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வர்றது. சொட்டு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் வெளிச்சமான இடத்துல தெரியாது. இருட்டுலதான் காட்டிக் குடுக்கும். பழைய மெஷின்னா மெதுவா ஓட்டு, மை தெளிக்கிற ஹெட்டக் கழுவு, சூட்டக் கூட்டுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். இதுக்கு அது பத்தாது. ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணு இருக்கு பாருங்க. அடிச்சத அதுவே பாக்கும். நல்லா இருந்தா நீங்க ஸ்கிரீன்ல 'சரி'ன்னு அமுக்கணும். இல்லைன்னா 'தப்பு'. ஒருதடவ சரின்னு சொல்லிட்டா மறக்கவே மறக்காது. இங்க கத்துக்கிட்டது, இந்த மெஷின் எந்தெந்த ஊர்ல இருக்கோ எல்லா ஊருக்கும் போயிரும்."

"தெரியாம தப்பானதுக்குச் சரின்னு அமுக்கிட்டா மேடம்?"

"பாத்துட்டுத்தானே அமுக்குவாங்க? யாராவது தப்புன்னு தெரிஞ்சே சரின்னு சொல்வாங்களா?"

மேடம் எங்கள் கல்லூரியில் படிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

"மெஷினோட ஒரு மாதிரி அட்டை வந்திருக்குமே, கட்டம் கட்டமா? அத எடுங்க. கருப்ப அத வச்சுத்தான் சொல்லிக் குடுக்கணும்."

ஜெயக்கொடி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு சாமி அலமாரியிலிருந்து அட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெளிர் சாம்பலில் தொடங்கிக் கடுங்கருப்புவரை கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சந்தனப் பொட்டு; அதன் மேல் குங்குமம்.

பிரிசில்லா மேடம் ஒரு பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு வச்சது மேடம். மெஷினுக்கு வச்சுட்டு அட்டைக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"இத இதுகிட்ட காட்டுனா தமிழ்நாட்டுல இருக்குற அத்தனை கருப்புக்கும் பொட்டு வச்சுவிட்டுரும் சார்."

அண்ணனுக்கு அதில் என்ன தவறு என்று புரியவில்லை. அட்டையைத் துடைத்துப் பார்த்தோம். சந்தனம் போனது, கூடவே கருப்பும் கொஞ்சம் போனது.

அந்த நேரத்தில்தான் சோணைமுத்து அண்ணன் உள்ளே வந்தார். பேனருக்குச் சட்டம் அடித்து, ஏணி போட்டு, கம்பத்தில் கட்டுவது அவர் வேலை. கார்த்திகை மாதம், மாலை போட்டிருந்தார். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, கருந்தாடி, அதற்கெல்லாம் பொருத்தமாக அவர். அந்த மண்டலம் முடியும்வரை அவர் சோணைமுத்து இல்லை, சாமி. மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பிரிசில்லா மேடம் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"சாமி, அப்படியே நில்லுங்க சாமி."

"எதுக்கு மேடம்?"

"எல்லா கருப்பும் உங்ககிட்ட இருக்கு."

"இத எங்கிட்ட இவ்வளவு சந்தோசமா யாரும் சொன்னதில்ல மேடம்" என்றார் சாமி.

படம் எடுத்தோம். அடித்தோம். முதலில் வந்தது எள்ளுருண்டை. தப்பு என்று அமுக்கினேன். அடுத்தது கேழ்வரகுப் புட்டு. தப்பு. சாமி ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பார்த்து, "தேறி வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒன்று வந்தது. தாடியின் கருப்பு வேறு, சட்டையின் கருப்பு வேறு, கழுத்து நிழலின் கருப்பு வேறு என்று பிரிந்து தெரிந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. மூன்று பேரும் சாமியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். படத்தில் இருந்த சாமிக்குத்தான் களை கூடுதல்.

சரி என்று அமுக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடையின் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சித்தாள் அக்கா, மகளுடைய சடங்கு பேனரை வாங்க வேலை முடிந்து நேராக வந்தார். விரித்துக் காட்டினேன்.

"ஏன் தம்பி, வெளுப்பாக்கலையா?"

"வேணும்னா ஆக்கித் தர்றேன்க்கா."

அவர் பேனரின் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை விரலைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தார்.

"வேணாம். அவ மாதிரியே இருக்கா" என்றார். பிறகு, "கண்ணு மட்டும் யாரு மாதிரியோ இருக்கு. அவுக அப்பன் வழியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போனார்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குக் குழப்பம் வந்தது. விருதுநகர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் சோணைமுத்து அண்ணனிடம் டிக்கெட் கொடுத்துவிட்டு, "எங்க மச்சினனுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். சாத்தூரில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பழைய பங்கு தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டார். திருச்சியில் டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். காரணம் கேட்டதற்கு அவருக்கே தெரியவில்லை. அண்ணன் மாலை கழற்றி, தாடி எடுத்து, சாமியிலிருந்து சோணைமுத்துவாகத் திரும்பிய பிறகும் இது நிற்கவில்லை.

"எனக்கு இவ்வளவு சொந்தமாடா?" என்று என்னிடம் கேட்டார். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டில் வளர்ந்தவர். அந்தக் கேள்வியில் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு மாட்டினால். ஜல்லிக்கட்டுக் காளை ஒன்றுக்கு வாழ்த்து பேனர் அடித்தோம். நல்ல கருங்காளை. அடித்து முடித்து விரித்தபோது காளை என்னைப் பார்த்தது. ஏணியில் ஏறி நின்று, "நேரா இருக்கா தம்பி?" என்று கேட்கும் அதே பார்வை. உரிமையாளர் அசந்துவிட்டார். "மாட்டுக்கு உசுரு குடுத்துட்டீங்கப்பா" என்றார். யாருடைய உசுரு என்று நான் சொல்லவில்லை.

ஆவணியில் சோணைமுத்து அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பாளையம்பட்டி. பெண்ணின் பெயர் நாகஜோதி. கூரியர் ஆபீசில் வேலை. ஏற்கெனவே இருவரும் ஒருமுறை பேசியிருந்தார்கள்: பேனர் கம்பி பார்சலில் அவர் முகவரியை அரைகுறையாக எழுத, அந்தப் பெண் போனில் அவரைத் திட்டியிருந்தாள். அன்றிலிருந்து அண்ணன் தேவையில்லாத பார்சல்களாக அனுப்பத் தொடங்கினார். ஆகவே இது பெயருக்குத்தான் பெண் பார்ப்பது. அக்கா, மாமா, ஜெயக்கொடி அண்ணன், நான். சோணைமுத்து அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சுத்தியல் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருந்து பெண்ணின் அம்மா பேச்சியம்மாள் காபித் தட்டோடு வந்தார். அண்ணனைப் பார்த்தார். நின்றார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் கேட்கும் குரல் இல்லை அது. அண்ணன் பாவம், "நல்ல நேரம் ஒம்பதரைக்கு மேலதான்னு சொன்னாங்கத்தே" என்றார். அதற்குள் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். காபித் தட்டு என் மடியில் இருந்தது.

அப்போதுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அண்ணன் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே ஒரு நினைவஞ்சலி பேனர், பிளாஸ்டிக் மாலையோடு. நாகஜோதியின் அப்பா குருவையா. கீழே மூலையில் ஜெயக்கொடி டிஜிட்டல்ஸ் என்று எங்கள் கடையின் பெயர். மாசியில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். போனில் வந்த மங்கலான படம், முகமெல்லாம் புள்ளி. மெஷின் ஒரு நொடியில் துடைத்து வழவழவென்று ஆக்கியது. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பார்த்தால் மேலே ஒரு சோணைமுத்து, மீசை நரைத்தவர். கீழே ஒரு சோணைமுத்து, வியர்த்தவர்.

வெளியே வந்து வண்டி எடுக்கும்போது நாகஜோதி பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு உங்களப் பிடிக்கலன்னு இல்ல" என்று அண்ணனிடம் சொன்னாள். "ஆனா எங்கம்மா ஆறு மாசமா அந்தப் படத்துக்குத்தான் பூ போடுது. அந்தப் படத்துகிட்டதான் பேசுது. நீங்க அங்க வந்து மாப்பிள்ளைன்னு உக்காந்தா அது எங்க போகும்?"

"உங்கப்பா அப்படியா இருந்தாரு?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்ல." யோசித்தாள். "இல்லன்னுதான் நெனக்கிறேன். இப்பல்லாம் அவர நெனச்சா எனக்கும் அந்த பேனர்தான் வருது. அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சுன்னு தெரியல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான அடிச்சீங்க? எங்கப்பாவ எங்க வச்சீங்க?"

இது இயற்பியல் கேள்வி இல்லை. கடைக்குத் திரும்பியதும் பிரிசில்லா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கடையில் ஜெயக்கொடி அண்ணன், சோணைமுத்து அண்ணன், நான். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இருட்டுல எங்க புள்ளி விழுந்தாலும், அத அழிச்சுட்டு அங்க என்ன இருக்கணும்னு அது யோசிக்கும் தம்பி. அதுக்கு நல்லாத் தெரிஞ்ச இருட்டு ஒண்ணே ஒண்ணுதான். சாமியோட முகம். அத வச்சு நிரப்பிருது."

"காளையக் கூடவா?"

"மூக்கு பொருந்தாதுல்ல. அதனால கண்ண மட்டும் எடுத்திருக்கும்."

"அவரு மூஞ்சிய மட்டும் மறக்க வைக்க முடியாதா?"

"குழம்புல போட்ட உப்ப மட்டும் திரும்ப எடுக்குற மாதிரிதான். வேணும்னா கத்துக்கிட்ட எல்லாத்தையும் மொத்தமாத் துடைக்கலாம். எல்லா ஊர்லயும் பழையபடி ஆயிரும்."

"எள்ளுருண்டை" என்றேன்.

"எள்ளுருண்டை" என்றார் மேடம்.

ஜெயக்கொடி அண்ணன் தலையை ஆட்டினார். "மறுபடி எல்லாரையும் வெளுப்பாக்கிட்டு உக்காரணுமா? இப்பத்தான்டா சனங்க அவனவன் கலர்ல அவனவன பாக்குறாய்ங்க."

"அவனவனயா பாக்குறாய்ங்க?" என்று கேட்டேன். "அவனவன் கலர்ல சோணண்ணனப் பாக்குறாய்ங்க."

சோணைமுத்து அண்ணன் இவ்வளவு நேரமும் ஆணி டப்பாவில் வளைந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சித்தாள் அக்கா மக படம் வந்துச்சே. துடைச்சா, இனிமே அந்த மாதிரி பிள்ளைக படம் எப்படி வரும்?"

"புள்ளியாத்தான்ணே வரும்."

"அப்ப துடைக்க வேணாம்."

"அப்ப உங்க கல்யாணம்?"

"அதான் கொழப்பமா இருக்கு" என்றார். "எனக்கு மூஞ்சி வேணும். அவுங்களுக்கும் மூஞ்சி வேணும். இருக்குறது ஒண்ணு."

கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னார். மெஷினின் திருத்தும் வேலையை ஒரே ஒரு படத்துக்கு நிறுத்திவைக்கலாம். குருவையாவின் பழைய படத்தை உள்ளது உள்ளபடி அடிக்கலாம். புள்ளி இருக்கும், ஆனால் புள்ளிக்கு நடுவில் இருப்பது அவராகத்தான் இருக்கும். "அவங்க அம்மாவுக்கு அது போதுமான்னு எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.

நாகஜோதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். படம் அவள் போனில் இருந்தது. மில் வாசலில் கூட வேலை பார்த்தவர் எடுத்தது. அப்பா இறந்த பிறகுதான் அது அவளுக்குக் கிடைத்தது. அம்மாவிடம் காட்டாமலே எங்களுக்கு அனுப்பியிருந்தாள். "புள்ளியா இருக்கு, பாத்தா அழும்னுதான்" என்றாள். சோணைமுத்து அண்ணன் உள்ளே வரவில்லை. தன்னைப் பார்த்து அந்த அம்மா மறுபடி கலங்கிவிடக் கூடாது என்று, சுத்தியலோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

திருத்தத்தை நிறுத்திவிட்டு அடித்தேன். ஹெட் போய் வந்து போய் வந்து ஒரு முகத்தை மெதுவாக இறக்கியது. ஒடுங்கிய கன்னம், அகல மூக்கு, சிறிய கண்கள். சோணைமுத்து இல்லை. ஆனால் முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"கொஞ்சம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். வேகத்தைக் குறைத்தேன். சூட்டைக் கூட்டினேன். ஹெட்டைக் கழுவினேன். மறுபடி அடித்தேன். மறுபடியும் புள்ளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது ஒன்று இடித்தது. மெஷின் போடும் புள்ளி ஒவ்வொரு முறையும் இடம் மாறி விழும். இது மாறவில்லை. இடது புருவத்தில் ஒரு கொத்து, காது மடலில் கொஞ்சம், மீசையில் நிறைய. இரண்டு படத்திலும் அங்கங்கேயே.

"மன்னிச்சுக்கங்கம்மா, இந்தப் புள்ளி போக மாட்டேங்குது."

பேச்சியம்மாள் கட்டிங் டேபிளின் மேல் குனிந்து நின்றார். புருவத்துக் கொத்தின் மேல் விரலை வைத்தார்.

"அது புள்ளி இல்ல தம்பி" என்றார். "பஞ்சு."

நாகஜோதி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"பஞ்சு மூட்டையப் பிரிச்சுக் கொட்டுறதுதான அவருக்கு வேல. சிப்டு முடிஞ்சு வந்தா வாசல்லயே நிப்பாரு. உள்ள வந்தா பிள்ளைக இருமும்னு வர மாட்டாரு. நான் துண்ட எடுத்துட்டுப் போயி தலையில இருந்து தட்டி விடுவேன். புருவத்துல இருக்குறது லேசுல போகாது, ஊதி விடணும். அப்புறந்தான் வீட்டுக்குள்ள கால வைப்பாரு." மகளைப் பார்த்தார். "உனக்கு இந்த மூஞ்சி தெரியாது. தட்டி விட்ட மூஞ்சிதான் தெரியும்."

நாகஜோதி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய ஒட்டுனதத் தட்டி விட்டேன்" என்றார் பேச்சியம்மாள். "உள்ள போனத என்ன செய்ய."

மெஷினின் திரை இவ்வளவு நேரமும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் கண் படத்தைப் பார்த்து, முகத்தில் இருந்த ஒவ்வொரு பஞ்சையும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. திருத்துவதை நிறுத்தினேனே தவிர, பார்ப்பதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

"இது என்ன தம்பி கேக்குது?"

"படம் சரியா இருக்கான்னு கேக்குதும்மா."

"சரியாத்தான இருக்கு" என்று சொல்லி, பச்சையில் மின்னிய 'சரி'யை அமுக்கினார்.

ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில், "ஒரு நிமிசம்மா, அது தப்பு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பியவர் வாசலில் சோணைமுத்து அண்ணன் நிற்பதைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். இப்போது கண்ணில் அந்தக் கலக்கம் இல்லை. சந்தையில் காய் பார்ப்பது போல் நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வாசல்ல நிக்கிறீக? உங்க மேலதான் ஒண்ணும் இல்லையே. உள்ள வாங்க."

அண்ணன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். நாகஜோதி என்னைப் பார்த்து, "இப்ப பார்சல் அனுப்புறத நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

கல்யாண பேனரை நான்தான் அடித்தேன். மண்டபத்து வாசலில் அதைக் கட்ட வேறு ஆள் வைக்கலாம் என்றோம். "நம்ம பேனர கோணலா கட்டிருவாய்ங்க" என்று மாப்பிள்ளையே ஏணியில் ஏறிவிட்டார். அவர் மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பிரிசில்லா மேடம் போன் செய்தார்.

"வினோபா, உண்மையச் சொல்லுங்க. அந்த மெஷின்ல யாரு என்னத்த அமுக்குனது?"

"ஏன் மேடம்?"

"எல்லா ஊர்ல இருந்தும் போன். இருட்டு கலர்ல மறுபடி புள்ளி விழுதாம். மாப்பிள்ளை, எம்.எல்.ஏ., அம்மன், ஒருத்தர விடல. ஹெட்டக் கழுவச் சொன்னேன், மெதுவா ஓட்டச் சொன்னேன். எதுக்கும் போகல. மூஞ்சி அவங்கவங்க மூஞ்சிதான், புள்ளிய மட்டும் அது அழிக்க மாட்டேங்குது. அதுகூட பரவால்ல. மில்லு இருக்குற ஊரு எதுலயிருந்தும் ஒரு கம்ப்ளைண்டு வரல. ராஜபாளையத்துக்கு நானே போன் போட்டுக் கேட்டேன். 'இப்பத்தான் மேடம் மெஷின் சரியாருக்கு, தயவுசெஞ்சு கை வச்சுராதீங்க'ங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல தம்பி. அது மெஷின் கோளாறா, இல்லையா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். பேனரில் சோணைமுத்து அண்ணன் தன் சொந்த முகத்தோடு பட்டு வேட்டியில் சிரித்துக்கொண்டிருந்தார். தலையிலும் மீசையிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. பக்கத்தில் நாகஜோதியின் புருவத்தில் ஒரு சின்னக் கொத்து. நிஜ சோணைமுத்து ஏணியின் மேல் படியில் நின்று, தோள் துண்டை எடுத்து, பேனரில் தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே பேச்சியம்மாள், நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"புருவத்துல இருக்குறது அப்படிப் போகாது மாப்பிள்ள" என்றார். "ஊதி விடுங்க."

"வினோபா? லைன்ல இருக்கீங்களா? எப்பச் சரியாகும்?"

"வேலை நடந்துக்கிட்டு இருக்கு மேடம்" என்றேன்.